பழைய அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கம் ஒருவரிடம் அவருடைய அப்பா வாங்கிய 1972 அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின், இன்னும் ஓடும் நிலை, நான்கு வீலிலும் டிரம் பிரேக், அதாவது வீலோடு சுற்றும் மூடிய டிரம்முக்குள் இருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும் வகை. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. "மாருதி 800 காலிப்பரும் டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு வாங்க, ஒரு பிளேட் வெட்டி வெல்டு வைத்துப் போட்டுவிடலாம்" என்கிறாராம் மெக்கானிக். காலிப்பர் என்பது சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம். செய்யலாமா என்று கேட்கிறார்.

டிஸ்க் போடலாம். ஆனால் உங்கள் மெக்கானிக் சொல்கிற மாதிரி போட வேண்டாம். காசை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முதலில் பெடலை மிதித்தால் வீல்களுக்கு பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அடுத்து இருக்கிற டிரம்மை ஒழுங்காக்குவது, அதற்கப்புறம்தான் டிஸ்க். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

டிஸ்க் மாட்டினால் வண்டி சட்டென்று நிற்கும் என்று எல்லோரும் சொல்வது பாதிதான் உண்மை. கடைசியில் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. நல்ல நிலையில் இருக்கும் டிரம்மும் அழுத்தி மிதித்தால் வீலை லாக் செய்துவிடும். அதற்கு மேல் எந்த டிஸ்க்கும் ஒன்றும் செய்ய முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நல்ல ரேடியல் டயரோடு காய்ந்த ரோட்டில் ஏறக்குறைய 36 மீட்டரில் நிற்கும், மிதித்த நொடியிலிருந்து கணக்கிட்டால். பிடிப்பு குறைந்த பழைய டயரில் அதுவே 50 மீட்டருக்குப் போய்விடும். இந்த 14 மீட்டர் வித்தியாசம் முழுக்க டயர் தருவது. பத்து வருஷமாக ஷெட்டில் நின்று பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரை வைத்துக்கொண்டு டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

டிஸ்க்கின் உண்மையான லாபம் மூன்று. சூட்டைத் தாங்கும், நனைந்தால் சீக்கிரம் உதறிக்கொள்ளும், இடமும் வலமும் ஒரே அளவாகப் பிடிக்கும். 1953இல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்தபோது எல்லோரும் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தது முதல் காரணத்துக்காக. மணிக்கணக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலும் பிரேக் தளரவில்லை. கொடைக்கானல், ஏற்காடு என்று மலை இறங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். நமக்கு? கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை போனாலும் பாலத்துச் சரிவைத் தவிர இறக்கம் என்று ஒன்று கிடையாது. டெல்டாவில் பிரேக் சூடாகிச் செத்துப் போவது அபூர்வம். நம்ம ஊர்ப் பிரச்சினை தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் வழிந்து ரோட்டில் முழங்கால் அளவு நிற்கும்போது வீலின் பாதி உள்ளே போய்விடுகிறது. உங்கள் வண்டி இடப்பக்கம் இழுப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அது எப்படி என்றால், அம்பாசடரின் முன் டிரம் ஒவ்வொன்றிலும் ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு, உரசும் லைனிங் ஒட்டிய ஷூ இரண்டு. இரண்டு ஷூவுமே டிரம் சுற்றும் திசைக்கு முகம் காட்டி வைத்தவை. ஷூ டிரம்மைத் தொட்டதும் சுற்றும் டிரம்மே அதை இழுத்து இன்னும் இறுக்கிவிடும். காலால் கொடுத்த அழுத்தம் உள்ளே போய்ப் பெருகுகிறது. கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமலே அவ்வளவு கனமான வண்டி நிற்பது இந்தப் பெருக்கத்தால்தான். ஆனால் பெருக்கம் இருக்கிற இடத்தில் குறையும் பெருகும். லைனிங்கில் கொஞ்சம் ஈரம் பட்டு உரசல் குறைந்தால் பிடிப்பு அதைவிட அதிகமாகக் குறைகிறது. வலது டிரம் நனைந்து இடது காய்ந்திருந்தால், அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றாகவே போனாலும் இடது மட்டும் பிடித்து வண்டியை அந்தப் பக்கம் இழுக்கும்.

ஆகவே இடப்பக்கம் இழுத்தால் முதலில் கழற்ற வேண்டியது வலது வீல். இடது நன்றாக வேலை செய்கிறது, வலதுதான் சோம்பேறி. தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு இடது காலால் பெடலை லேசாகத் தொட்டபடி மெதுவாக ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். டிரம் காய்ந்து இழுப்பு நின்றால் அது வெறும் ஈரம். காய்ந்த ரோட்டிலும் இழுக்கிறது என்றால் ஈரத்தைக் குறை சொல்லாதீர்கள். வலது பக்கத்து இரண்டு சிலிண்டரில் ஒன்று துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அல்லது ஹப் சீல் கசிந்து கிரீஸ் லைனிங்கில் ஏறியிருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். ஹோஸ் வெளியில் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், அதை நம்ப வேண்டாம். வருஷம் தெரியாத ஹோஸ் என்றால் மாற்றிவிடுவதுதான் சரி.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. முன்னால் போகும்போது பெருக்கும் இதே ஷூக்கள் ரிவர்ஸில் நேர்மாறாக, டிரம்மால் தள்ளிவிடப்படும். ஆற்றங்கரை மேட்டிலிருந்து பின்னோக்கி இறக்கும்போது அம்பாசடர் பிரேக் "பிடிக்கவே மாட்டேங்குது" என்று தோன்றுவது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. அந்த இடத்தில் கைப்பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மாஸ்டர் சிலிண்டருக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைச் சுற்று. ஒரே பிஸ்டன், ஒரே அறை, நான்கு வீலுக்கும் அதிலிருந்தே ஆயில். ஏதாவது ஒரு பைப் துருப்பிடித்து ஓட்டையானால், ஒரு வீல் சிலிண்டர் கப் கிழிந்தால், பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். நான்கு வீலும் காலி. டிரம்மோ டிஸ்க்கோ, இந்த ஆபத்து அப்படியே இருக்கும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரில், அதாவது டேண்டம் என்று கடையில் கேட்டு வாங்குவதில், முன் வீலுக்குத் தனி அறை, பின் வீலுக்குத் தனி அறை. ஒன்று போனாலும் பெடல் பாதி ஆழம் இறங்கி மற்றொன்றில் பிடிக்கும். தூரம் கூடும், ஆனால் வண்டி நிற்கும். பட்டீஸ்வரம் மாதிரி ஊர்களின் குறுகிய வாய்க்கால் பாலத்தில் எதிரே நெல் மூட்டை லாரி வரும்போது இந்த வித்தியாசம்தான் உயிரைக் காப்பாற்றும். டிஸ்க்குக்குக் காசில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். டிஸ்க் செட்டைக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர், டேண்டம் சிலிண்டரைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் யாரும் இல்லை.

டிரம்மை ஒழுங்காக்குவது பெரிய கலை இல்லை, பொறுமை வேண்டும். டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பல முறை கடைந்து மெலிந்திருந்தால் வேறு டிரம் தேட வேண்டியதுதான், மெல்லிய டிரம் சூட்டில் விரிந்து பெடலைத் தாழ்த்தும். புது லைனிங் டிரம்மின் வளைவோடு முழுக்கப் பொருந்த வேண்டும். லைனிங்கின் நடுவில் மட்டும் தேய்மானப் பளபளப்பு தெரிந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது நம் பட்டறைகளில் வழக்கம். அதைச் செய்யவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அப்புறம், சிலிண்டர் ரப்பர் கப்பை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. மினரல் எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் வீங்கிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் பாதிப் பேருக்கு டிஸ்க் ஆசையே போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் வண்டி என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தினமும் ஓட்டுகிறீர்கள், தஞ்சாவூர் திருச்சி நான்கு வழிச் சாலையில் புது வண்டிகளுக்கு நடுவே போகிறீர்கள், மழைக்காலத்திலும் நிறுத்தப் போவதில்லை என்றால் டிஸ்க் நியாயமான செலவுதான்.

இப்போது மாருதி காலிப்பர். மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ வண்டி, 12 அங்குல வீல். அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல், 15 அங்குல வீல். ஐந்து பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் 1,500 கிலோவைத் தொடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 கிலோ வண்டியை அழுத்தி நிறுத்தும்போது முன் வீல்கள் மட்டும் மொத்தப் பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும். ரோட்டில் டயர் வாங்கும் விசை சக்கரத்தின் மையத்திலிருந்து 32 சென்டிமீட்டர் தள்ளி, காலிப்பர் பிடிப்பது 10 சென்டிமீட்டர் தள்ளி. ஆக ஒவ்வொரு காலிப்பர் பிராக்கெட்டின் மேலும் ஒரு டன் தள்ளு விழுகிறது, ஒவ்வொரு அவசர மிதியிலும். 12 அங்குல வீலுக்குள் அடங்கும் சின்ன டிஸ்க்கில் அந்த 10 சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது, தள்ளு இன்னும் ஏறும். அந்த ஒரு டன்னை நம் தெருமுனை வெல்டு தாங்க வேண்டும். வெல்டின் ஓரத்தில் இரும்பு சூடுபட்டு மாறியிருக்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாமல். முன் வீலைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டு வைப்பதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடாப்டர் பிளேட் போட்டே ஆக வேண்டும் என்றால் தடித்த ஸ்டீல் பிளேட்டை லேத்தில் கடைந்து, மில்லிங்கில் துளையிட்டு, 10.9 கிரேடு போல்ட்டில் மாட்ட வேண்டும். திருச்சி அரியமங்கலம், துவாக்குடி சிட்கோ பக்கம் அந்தத் துல்லியத்தில் செய்து தருகிற பட்டறைகள் உண்டு.

ஆனால் அம்பாசடர்காரருக்கு அந்த வம்பே வேண்டாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே பின்னாளில் வந்த அம்பாசடர்களுக்கு முன் டிஸ்க் போட்டே விற்றது, உத்தரபாராவில் 2014இல் தயாரிப்பு நிற்கும் வரை. சென்னை புதுப்பேட்டையிலோ உடைப்புக்குப் போன டாக்ஸி ஒன்றிலோ அந்த முன்பக்கச் செட் கிடைத்தால் அதை வாங்குங்கள். வாங்கும்போது ஒரே வண்டியிலிருந்து முழுசாக வாங்க வேண்டும்: ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க், காலிப்பர், பிராக்கெட், ஹோஸ், டேண்டம் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று பொறுக்கினால் பேரிங் அளவில் மாட்டிக்கொள்வீர்கள். டிஸ்க்கின் தடிமனை நான்கைந்து இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். காலிப்பர் பிஸ்டனில் துருப்புள்ளி இருந்தால் புது சீல் போட்டாலும் கசியும். உங்கள் பழைய ரிம் காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பூஸ்டர் ஏன் வேண்டும் என்றால், மேலே சொன்ன பெருக்கம் டிஸ்க்கில் கிடையாது. பேட் இரண்டு பக்கமும் நேராக அமுக்கும், அவ்வளவுதான். அதே கால் வலிமைக்கு அம்பாசடர் டிரம்மைவிட டிஸ்க் குறைவாகவே பிடிக்கும். பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மாட்டிவிட்டு "முன்னைவிட மோசமாக இருக்கிறதே" என்று வருகிறவர்கள் உண்டு. உங்களுடையது பெட்ரோல் இன்ஜின் என்பதால் மேனிஃபோல்டிலிருந்தே வேக்குவம் எடுக்கலாம், நடுவில் ஒருவழி வால்வு கட்டாயம். டீசலுக்கு மாற்றிய அம்பாசடர் என்றால் தனி வேக்குவம் பம்ப் வேண்டும், ஆல்டர்னேட்டரின் முதுகில் வரும் வகை வசதி.

மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவிலும் கவனம் வேண்டும். காலிப்பர் பிஸ்டன் பெரியது, நிறைய ஆயில் கேட்கும். முக்கால் அங்குலத் துளைக்குப் பதில் ஏழெட்டாம் அங்குலம், அதாவது எட்டில் ஏழு பங்குத் துளை போட்டால் ஒரே மிதிக்கு 36 சதவீதம் கூடுதல் ஆயில் போகும், ஆனால் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறையும். பெடல் கல் மாதிரி இறுகி வண்டி நிற்காமல் போவது இதனால். கம்பெனி செட்டாக வாங்கினால் இந்தக் கணக்கை அவர்களே போட்டிருப்பார்கள்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். மிதியை விட்ட பிறகும் பைப்பில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கி வைக்கும், வீல் சிலிண்டர் கப்பின் உதடு சுருங்காமல் இருக்க. அதே வால்வு டிஸ்க் பைப்பில் இருந்தால் பேட் விலகவே விலகாது, டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். பத்து கிலோமீட்டரில் வீல் ஹப்பைத் தொட முடியாத அளவு சூடு. பழைய சிலிண்டரை வைத்தே ஒப்பேற்றியவர்களின் வண்டி "சூடாகுது, மைலேஜ் போச்சு" என்று நிற்பதற்கு முதல் காரணம் இந்த வால்வுதான்.

பைப் முனைகளில் ஒரு பொறி இருக்கிறது. பழைய அம்பாசடரின் நட்டுகள் ஆங்கிலேய வழி, எட்டில் மூன்று அங்குல யு.என்.எஃப். மரை. மாருதி மாதிரி வண்டிகளின் பாகங்கள் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், ஸ்பேனரில் இறுக்கினால் இறுகின மாதிரியே இருக்கும். உள்ளே மரை பாதிதான் பிடித்திருக்கும். முதல் நாள் கசியாது, அவசரமாக மிதிக்கிற அன்றைக்குப் பிடுங்கிக்கொள்ளும். கையாலேயே கடைசி வரை லேசாக ஏறாத நட்டை ஸ்பேனரால் இறுக்கவே கூடாது. பைப்பை ஏ.சி. காப்பர் குழாயில் வளைத்துப் போடுவதும் வேண்டாம், பிரேக்குக்கென்று வரும் ஸ்டீல் பைப், இரட்டை மடிப்பு முனை.

பின் வீலில் டிரம் அப்படியே இருக்கட்டும். கைப்பிரேக் அதில்தான் இருக்கிறது, பின்னால் டிஸ்க் போட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது, முன் வீலை முந்திப் பின் வீல் லாக் ஆகக் கூடாது என்பது. பின் வீல் முதலில் லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டியரிங்கால் திருத்தவே முடியாது. காய்ந்த காலை நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதியுங்கள். இரண்டு பக்கமும் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் முந்தினால் பின் பைப்பில் அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும். அதைப் பார்க்காமல் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரமுள்ள பின் இடது வீலில் தொடங்குங்கள். ஆயில் டாட் 4 போதும். புதுசாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அது 155க்கு இறங்கிவிடும். நம் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுசாக மாற்ற வேண்டும். ஓடாத வண்டிக்கும்தான்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் டிஸ்க் போடுமுன் இரண்டு தடவை யோசியுங்கள். உப்புக் காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டிஸ்க் வெளியே திறந்து கிடக்கிறது, காலிப்பரின் நகரும் பின் ஒட்டிக்கொள்ளும். டிரம்முக்கு மூடியாவது இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: மழைக்காலம் முழுக்க நிறுத்தும்போது கைப்பிரேக் போட்டு வைக்காதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிவிடும். கியரில் போட்டு வீலுக்குக் கல் வையுங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லின் மேல் எந்த பிரேக்கும் பிடிக்காது, அதற்கு வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களை விட்டு வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாகன ஆய்வாளரிடம் பேசிவிடுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுங்கள். கம்பெனியே அதே வண்டிக்குப் பின்னாளில் போட்ட செட் என்றால் விளக்குவது சுலபம். உங்கள் வண்டி 50 வயதைத் தாண்டிவிட்டது. 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. விண்டேஜ் பதிவு வாங்கினால் தினமும் ரோட்டில் ஓட்டவும் முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். ஆக தினமும் ஓட்டவா, அசலாக வைக்கவா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எது எப்படியானாலும் கழற்றிய டிரம், ஷூ, பேக் பிளேட், பழைய மாஸ்டர் சிலிண்டர் எதையும் இரும்புக்கடைக்குப் போட வேண்டாம். கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி, எந்தப் பக்கத்தது என்று எழுதிக் கட்டி வையுங்கள். ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டு வைக்காமல் மாற்றியிருந்தால் ஒரே நாளில் திரும்ப மாட்டிவிடலாம்.